வளையத்தில் ஐந்து தகடுகள்

1

அன்று ஸ்ட்ரிக்லர் பண்ணையில் இருந்தவர்கள் இவர்கள்: குழுவின் தலைவன் சீஃப் வெர்ன் யோடர், பள்ளிப் பேருந்தையும் தீயணைப்பு வண்டியையும் ஓட்டுகிற ஜோலீன் பிக்ஸ்லர், இரும்புக்கடையில் வேலை செய்த டாரில் நோல், பண்ணைக்காரர் லைல் ஸ்ட்ரிக்லர், சாலைத் திருப்பத்தில் கொடியோடு நின்ற நான் (க்ளெய்ட்டன் ஹோஸ்டெட்டர், வயது எழுபத்தாறு). வேறு யாரும் இல்லை. குழுவைச் சேர்ந்தவர்கள் நான்கு பேர். வளையத்தில் தகடுகள் ஐந்து.

ஆல்டர் ரன் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்கு இந்த ஆண்டு நூறு வயது. விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். ‘மூன்று தலைமுறை ஹோஸ்டெட்டர்கள்’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள். எழுத உட்கார்ந்தேன். மலரில் போட முடியாத ஒன்றுதான் வந்தது. அதனால் இதைக் கதை என்கிறேன்.

2

முதல் தொடக்கம்: என் தந்தை போரிலிருந்து திரும்பிய மறுவாரமே குழுவில் சேர்ந்தார். அவருடைய தலைக்கவசம் இன்றும் நிலையத்தின்

[வேண்டாம். கவசத்துக்கும் நடந்ததற்கும் தொடர்பில்லை.]

இரண்டாம் தொடக்கம்: எங்களுக்குச் சம்பளம் கிடையாது. வண்டிக்கு டயர் வாங்கக்கூட ஞாயிற்றுக்கிழமைகளில் கோழி சுட்டு விற்க வேண்டும். ஆட்களைப் பிடித்துவைக்க ஊர்மன்றம் கண்டுபிடித்த வழி புள்ளிகள். தீக்குப் போனால் ஒரு புள்ளி, பயிற்சிக்கு வந்தால் ஒரு புள்ளி. ஐம்பது சேர்ந்தால் அந்த ஆண்டு கணக்கில் ஏறும். இருபது ஆண்டுகள் ஏறினால் அறுபத்தைந்து வயதில் சிறிய ஓய்வூதியம். நிலையத்தின் பித்தளைப் பலகையில் பெயர். பழைய ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்ததால் என் தந்தையின் பெயர் அதில் உண்டு. என் பெயரும் உண்டு.

இந்தத் திட்டம் மன்றத்துக்கு வந்த நாளில் நான் இருந்தேன். ஓர் உறுப்பினர் அம்மாள் கேட்டார், “தன்னார்வம்னா தானா வர்றதுதானே? அதுக்கு எதுக்குங்க காசு?”

வெர்ன் எழுந்தான். “தானா வந்தவங்க எல்லாம் தானாவே போய்ட்டாங்க மேடம். இப்ப தீ மட்டுந்தான் தானா வருது.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வெர்ன் கேட்டதில் பாதியைக் கொடுத்தார்கள்.

3

தகடு பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த ஒரு தகடு நிலையத்துச் சுவரில் தொங்கும். வண்டியில் ஏறும்போது அதை எடுத்து வண்டியின் வளையத்தில் மாட்ட வேண்டும். தீயிடத்தில் வளையம் சீஃப் கையில் இருக்கும். யார் உள்ளே, யார் வெளியே என்பது அவருக்கு அதை வைத்துத்தான் தெரியும். திரும்பிய பிறகு அதே வளையத்தைப் பார்த்துத்தான் புள்ளி போடுவார்கள்.

உயிருக்கும் புள்ளிக்கும் ஒரே தகடு. இப்படி ஓர் ஏற்பாட்டை எங்களைப் போன்ற ஏழை ஊர்தான் செய்யும்.

(பயிற்சி நாளில், வர முடியாதவனின் தகட்டை நண்பன் மாட்டிவிடுவது வழக்கம். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.)

4

டிசம்பர் கடைசி வாரம், பிற்பகல். என் மகன் ஆர்லன் நாற்பது மைல் தள்ளி ஒரு கிடங்கில் வேலையில் இருந்தான். சைரன் கேட்டு ஓடிவர அந்த முதலாளி விடமாட்டார். அது அவனுடைய இருபதாவது ஆண்டு. நாற்பத்தொன்பது புள்ளிகள். ஜனவரியில் அவன் குடும்பத்தோடு மாவட்டத் தலைநகருக்குக் குடிபோவதாக இருந்தான்; அங்கே தீயணைப்பவர்களுக்கு மணிக்கூலி உண்டு.

ஸ்ட்ரிக்லர் பண்ணைக் கொட்டகையில் வைக்கோல் புகைகிறது என்றுதான் செய்தி வந்தது. ஆர்லனின் தகடு வளையத்தில் மாட்டப்பட்டிருந்தது.

[இந்த வாக்கியத்தை ஒரு மாதம் அப்படியே வைத்திருந்தேன். ‘மாட்டப்பட்டிருந்தது.’ யாரும் செய்யாமல் தானே நடந்ததுபோல, மரியாதையாக இருக்கிறது. ஜோலீன் அவசரத்தில் மாட்டியதாக ஒரு படி எழுதினேன். அவள் அப்படிச் செய்யக்கூடியவள் இல்லை. அந்தப் பாத்திரம் நிற்கவில்லை. கிழித்துவிட்டேன்.]

நான் மாட்டினேன்.

5

கொட்டகைக் கூரை இறங்கியதை நான் சாலையிலிருந்து பார்த்தேன். கையில் வாக்கி-டாக்கி இருந்தது. வெர்ன் பேசியதெல்லாம் கேட்டது.

“எல்லாரும் வெளிய வாங்க. டாரில்?”

“இங்கதான் இருக்கேன் சீஃப்.”

“ஜோலீன்?”

“பம்ப் பக்கத்துல.”

“ஆர்லன்? டேய் ஆர்லன், எங்கடா இருக்க?”

“அவன் வந்ததையே நான் பாக்கலியே,” என்றாள் ஜோலீன்.

“வளையத்துல அவன் தகடு இருக்கு.”

“பின்வாசல் வழியா போயிருப்பான்,” என்றான் டாரில். “எந்தத் தீயிலயும் நமக்கு முன்னாடி நிக்கிறவனாச்சே. நான் பாத்துட்டு வரேன்.”

பொத்தானை அழுத்தி ‘அவன் வரவில்லை’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு சொற்கள். வெர்ன் கேட்டுக்கொண்டிருந்தான். ஜோலீன் கேட்டுக்கொண்டிருந்தாள். மாவட்ட அலுவலகமே அந்த அலைவரிசையில் இருந்தது. ஹோஸ்டெட்டர் கள்ளத் தகடு மாட்டினான் என்று அத்தனை பேர் காதிலும் விழும்.

நான் ஒரு லாரியைக் கையசைத்து அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.

அதற்குள் இரண்டாவது உத்தரம் விழுந்திருந்தது.

6

டாரிலின் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இரும்புக்கடை அவன் வேலையை ஆறு வாரம் காலியாக வைத்திருந்தது, பிறகு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. ஆர்லனின் அந்தப் புள்ளியைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வயதுக்கு மரியாதை என்றார்கள். ஊர்மன்றம் ஆளுக்கு இரண்டு தகடுகள் வாங்கியது, உயிருக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. வெர்ன் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது.

மருத்துவமனைக்குப் போனேன். டாரில் என்னைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்:

“பெரியவரே, அவன் உள்ள இல்லன்னு தெரிஞ்சதும் எனக்கு முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நீங்க கிளம்புங்க.”

7

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் நான் உடனே பொத்தானை அழுத்துகிறேன். ஒன்றில் ஆர்லன் வேலையை விட்டுவிட்டு உண்மையாகவே வந்து சேர்கிறான். மூன்றாவதில் நான் நிலையத்துக்குப் போய், பித்தளைப் பலகையில் என் பெயரைக் கழற்றச் சொல்கிறேன், வெர்ன் திருப்புளியை நீட்டி, “நீங்களே கழட்டுங்க” என்கிறான், நான் ஏணியில்

மூன்றும் நடக்கவில்லை. பெயர் பலகையில்தான் இருக்கிறது. கழற்ற வேண்டுமா என்று தீர்மானிக்கும் உரிமையை உங்களிடம் விடுகிறேன். என் கையை நான் நம்பவில்லை.

ஒன்றை மட்டும் உங்களிடம் விட முடியாது. ஆர்லன் அன்று எனக்குத் தொலைபேசியில் பேசி, ‘அப்பா, என் தகட்ட மாட்டிருங்க’ என்று கேட்டதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவன் பேசவில்லை. ஒரு புள்ளி குறைகிறது என்பதே அவனுக்குத் தெரியாது. எண்ணிக்கொண்டிருந்தவன் நான் மட்டும்.