சித்தி பூஜ்ஜியம், அத்தை எட்டு

எல்லாரும் நலம்தானே? முழங்கால், முதுகு, பிரஷர் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? எனக்கு மற்றதெல்லாம் சரி. வலது காது முழுசாகப் போய்விட்டது, இடது காது அரை நாள் வேலைதான் பார்க்கிறது. அந்த அரைக் காதை வைத்துக்கொண்டு போன வாரம் எங்கள் மேனேஜரோடு மல்லுக்கு நின்றேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் போன் எடுப்பது என் வேலை. பேத்தி காலேஜுக்குப் போகிற வயதில் உனக்கு எதற்கு வேலை என்று கேட்காதீர்கள். நான் நாள் பூரா வீட்டில் இருந்தால் என் மருமகள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள், அவளே சொல்லியிருக்கிறாள்.

ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் நெட்வொர்க்கில் ஒரு முகவரி. மெக்கானிக் லிஃப்டுக்கு அடியில் இருக்கிற குழியில் இறங்குவதற்கு முன்னால் எனக்குப் போன் செய்து முகவரியைப் படிப்பார். நான் அதைக் கம்ப்யூட்டரில் அடித்து அந்த லிஃப்டைப் பூட்டுவேன். அப்புறம்தான் அவர் இறங்கலாம்.

இதில் ஒரு வில்லங்கம். என் கம்ப்யூட்டர் நம்மைப் போலப் பத்துப் பத்தாக எண்ணும். அந்தப் பெட்டி பதினாறு பதினாறாக எண்ணும். ஒன்பதுக்கு மேல் அதற்கு எண் தீர்ந்துபோய், பத்துக்கு ஏ, பதினொன்றுக்கு பி என்று பதினைந்துக்கு எஃப் வரை எழுத்தாகக் காட்டும். இரண்டு இரண்டாகப் பிரித்து, முதலாவதைப் பதினாறால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால் நம் எண் வந்துவிடும். சி, பூஜ்ஜியம் என்றால் பன்னிரண்டு பதினாறு, நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. பெருக்குவதெல்லாம் எனக்கு அத்துப்படி.

காதில் விழுவதுதான் பாடு. போனில் பி, சி, டி, ஈ நான்கும் எனக்கு ஒரே "ஈ"தான். அதனால் நானும் மெக்கானிக்குகளும் சேர்ந்து ஒரு குடும்பத்தையே குடிவைத்தோம். ஏ அத்தை, பி பாட்டி, சி சித்தி, டி தாத்தா. ஈ-க்கு உறவு யாரும் அகப்படாததால் எதிர்வீட்டுக்காரி. எஃப்-இல் தமிழில் சொல்லே தொடங்காது, அதனால் அதன் நடுவில் இருக்கிற ஃ-ஐ வைத்து மூணு புள்ளி. எங்கள் முகவரி எல்லாமே "சித்தி பூஜ்ஜியம், அத்தை எட்டு" என்றுதான் ஆரம்பிக்கும். நாலு வருஷமாக ஒரு லிஃப்டைக்கூட மாற்றிப் பூட்டியதில்லை.

புது மேனேஜர் வந்தார். என் பின்னால் நின்று கேட்டார்.

"என்னம்மா இது, ஆபீஸ் நேரத்துல குடும்பக் கதை?"

"முகவரி சார்."

"எதிர்வீட்டுக்காரியுமா?"

"அவ இல்லாம பதினாலு வராது சார்."

அவர் சிரிக்கவில்லை. "எல்லாக் காலும் ரெக்கார்ட் ஆகுது. கட்டடக்காரங்க கேட்டா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? இனிமே இங்கிலீஷ் எழுத்துதான். முடியலன்னா ஸ்டோருக்கு மாத்திடறேன். உங்க வயசுக்கு அங்க நிம்மதியா இருக்கலாம்."

ஸ்டோர் என்றால் கிரீஸ் டப்பாவும் கம்பிக் கயிறும். பேச ஒரு ஆள் கிடையாது. என்னைப் பேசாமல் உட்கார வைப்பதற்குப் பேர் நிம்மதியாம்.

மறுநாள் காலையில் அவர் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முதல் போன் நெட்டையனுடையது. ஆறடிக்கு மேல் வளர்ந்த மெக்கானிக். அவனுக்கும் உத்தரவு போயிருந்தது போல.

"சி ஜீரோ, ஏ எட்டு, ஜீரோ நாலு, மூணு..." கடைசி எழுத்து "ஈ" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"திருப்பிச் சொல்லுப்பா."

திருப்பிச் சொன்னான். அதே ஈ.

மேனேஜர் என் கீபோர்டைக் காட்டினார். "டி-தான். எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அறுபத்தொண்ணு. போடுங்க."

பி என்றால் ஐம்பத்தொன்பது, சி என்றால் அறுபது, டி என்றால் அறுபத்தொன்று, ஈ என்றால் அறுபத்திரண்டு. நான்கும் அதே கட்டடத்தில் ஓடுகிற லிஃப்ட்கள். தப்பானதைப் பூட்டிவிட்டுச் சரி என்றால், நெட்டையன் நம்பி இறங்குவான். அவன் தலைக்கு மேல் லிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

"போடமாட்டேன் சார்."

"நான் சொல்றேன்ல?"

"நீங்க சொல்றீங்க. குழியில எறங்கறது அவன்."

"அப்போ எந்திரிங்க. நானே பண்றேன்."

"எந்திரிக்க மாட்டேன்." மைக்கில் சத்தமாகவே கேட்டேன். "டேய் நெட்டையா, எறங்காத, வாசல்லயே நில்லு. கடைசியில யாரு?"

அந்தக் கட்டடமே அதிரும்படி கத்தினான். "பாட்டிம்மா! மூணு பாட்டி! காலையிலேருந்து இதச் சொல்லத்தான் வாய் துடிக்குது!"

ஐம்பத்தொன்பதை அடித்தேன். பூட்டு விழுந்தது. "இப்ப எறங்கு."

மேனேஜர் முகம் சிவந்தது. தப்பாகக் கேட்டோம் என்று ஒத்துக்கொள்வார் என்று நினைத்தீர்களா? "இன்னிக்கே ஸ்டோருக்குப் போங்க" என்றார்.

"போகமாட்டேன் சார். எனக்குக் காதுதான் மந்தம். தூக்கித்தான் கொண்டுபோகணும்னா ஆளக் கூப்பிடுங்க. எழுபது கிலோ இருக்கேன்."

அடுத்த போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் அவரே எடுத்தார். காலையில் வந்த உத்தரவை அந்த மெக்கானிக்கும் காற்றில் விட்டிருந்தார். "சித்தி பூஜ்ஜியம், அத்தை எட்டு..."

"இங்கிலீஷ்ல சொல்லுய்யா!"

"அம்மாகிட்ட குடுங்க சார். அவங்க பூட்டாம நான் எறங்கமாட்டேன்."

மதியத்துக்குள் நாலு பேர் இதையே சொன்னார்கள். நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கவில்லை, சத்தியமாக. நாலாவது ஆளும் குழி வாசலில் காத்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் ஹெட்செட்டைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

"ஸ்டோரா, இந்த நாற்காலியா? வாயால சொல்லுங்க சார், ரெக்கார்ட் ஆகட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நாற்காலிதான்."

"சொல்லுப்பா" என்றேன் போனில்.

அவர் என்னோடு இன்னும் பேசுவதில்லை. எனக்குப் போனில் பேசவே நேரம் சரியாக இருக்கிறது. உங்களையும் யாராவது காதைக் காட்டி, கண்ணைக் காட்டி, வயதைக் காட்டி மூலையில் உட்காரச் சொன்னார்களா? என்ன பதில் கொடுத்தீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.