துணிப்பையில் போன இடுப்புவார்கள்

முடிச்சக்கா என்பது தெரு வைத்த பெயர். பேசும்போதுகூடக் கையில் ஒரு கயிற்றுத் துண்டை முடிந்து அவிழ்த்துக்கொண்டே இருப்பவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வீட்டின் முன்னறையில் அவளும் நாத்தனாரும் பாறையேறுகிறவர்களுக்கான சாமான்கள் செய்து விற்றார்கள். பழைய மீன்வலையை உருக்கி எடுத்த நைலான் நாடாவில் தைத்த, ஏறுகிறவரின் இடுப்பையும் தொடையையும் தாங்கிப் பிடிக்கும் இடுப்புவார்கள்தான் முக்கியச் சரக்கு. பிளாஸ்டிக் உறை என்ற பேச்சே கிடையாது; எல்லாம் பருத்தித் துணிப்பை. அந்த விஷயத்தில் முடிச்சக்கா கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொள்வாள்.

முடிச்சக்கா பாறையேறிப் பழகியவள்; தைப்பது நாத்தனார். தையலில் கெட்டிக்காரி, உயரமென்றால் மட்டும் கைகால் உதறும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால், "இருட்டே நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்பாள்.

சுவரேறப் பழக்கும் கூடம் ஒன்று பிள்ளைகளுக்காக முப்பது இடுப்புவார் கேட்டது. அவர்களுடைய முதல் பெரிய ஆர்டர். புகை விடாத வண்டியில்தான் அனுப்புவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, முடிச்சக்கா ஒரு பேட்டரி வண்டியைப் பிடித்தாள். பைகளில் அழுக்குப் படக்கூடாதென்று நாத்தனார் தன் தையல் மேலங்கியைக் கழற்றிப் பின்பலகையில் விரித்து, அதன்மேல் அடுக்கினாள்.

வண்டிக்காரர் திருப்பிக் கொடுத்த அந்த மேலங்கியை மறுநாள் துவைத்துப் பிழிந்தபோது அது கையோடு கிழிந்து வந்தது. சல்லடை மாதிரி ஓட்டைகள்.

"எலி கடிச்சிருக்கும் அண்ணி."

முடிச்சக்கா துணியை விரித்துப் பார்த்தாள். "அந்தப் பலகைக்கு அடியில என்ன இருந்துச்சு?"

"பேட்டரிதான்."

முடிச்சக்கா துணியைப் போட்டுவிட்டுப் போனைத் தேடினாள். பேட்டரி அமிலம் பருத்தியைத் தின்றால் ஓட்டை தெரியும். நைலானில் பட்டால் கறைகூடத் தெரியாமல் போகலாம். உள்ளே வலு செத்துக் கிடக்கும். ஆள் தொங்கும்போதுதான் அறுந்துபோகும். ஒரு பிளாஸ்டிக் உறை இருந்திருந்தால் தடுத்திருக்கும். அதைத்தான் அவள் பெருமையாக ஒழித்து வைத்திருந்தாளே.

கூடத்துப் பயிற்சியாளர் போனை எடுக்கவில்லை. மாலை வகுப்பு தொடங்கும் நேரம். கரும்புகை கக்கிக்கொண்டு வந்த முதல் வண்டியை மறித்து இருவரும் ஏறினார்கள்.

கூடத்தில் பிள்ளைகள் புது இடுப்புவார் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒரு சிறுமி சுவரில் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தாள். முடிச்சக்கா ஓடிப்போய் அவளை இரு கைகளாலும் வாரி இறக்கினாள்.

பயிற்சியாளர் விவரம் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? எதுல ஆசிட் பட்டுச்சோ அதை மட்டும் எடுத்துட்டுப் போங்க."

"எதுலன்னு கண்ணுக்குத் தெரியாதுங்க."

"முப்பதும் நல்லதா இருந்துட்டா?"

"இருந்துட்டுப் போகட்டும். எனக்கு ஒண்ணுமேல சந்தேகம்னாலும் முப்பதும் குப்பைதான்."

வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்றால் வெட்டித்தான் போட வேண்டும். முடிச்சக்கா கத்தரிக்கோலை எடுத்தாளே தவிர, கை நகரவில்லை. நாத்தனார் ராப்பகலாக உட்கார்ந்து தைத்த தையல் அது. நாத்தனாரே கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள்.

"நான் தைச்சது. நானே வெட்டுறேன்."

கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது; கை பாட்டுக்கு வெட்டியது. பயிற்சியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? இனிமே உங்க சாமானை எப்படிப் பிள்ளைங்களுக்கு மாட்டுவேன்?"

"திரும்பத் தைச்சு எடுத்துட்டு வர்றோம்," என்றாள் முடிச்சக்கா. "அதையும் நம்பலைன்னா கடையை மூடிடறேன்."

வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. வீட்டுக்குப் போனதும் மிச்சமிருந்த நாடாவையெல்லாம் மேஜையில் கொட்டினாள். அவள் வெட்ட, நாத்தனார் தைக்க, மிஷின் ஓய்ந்த நேரம் குறைவு. முடிந்ததும் அதே துணிப்பைகளில் போட்டார்கள். வண்டிதான் வேண்டாமென்று, தோளில் சுமந்துகொண்டே நடந்தார்கள்.

பயிற்சியாளர் ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. முடிச்சக்காவுக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை. தானே ஏறிக் காட்டலாமென்று திரும்பினாள். அதற்குள் நாத்தனார் ஓர் இடுப்புவாரில் காலை நுழைத்திருந்தாள்.

"உனக்கு எதுக்குடி? நான் ஏறறேன்."

"நீங்க எப்பவும் ஏறுறவங்க அண்ணி. நீங்க ஏறினா யாரு நம்புவா? கயிறைப் பிடிங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவித் தடவி ஏறினாள். கூரைக்குக் கிட்டே போய் நின்றாள்.

"அண்ணி, இருக்கீங்கல்ல?"

"கயிறு என் கையிலதான் இருக்கு."

"விடட்டுமா?"

முடிச்சக்கா கயிற்றை இறுக்கிப் பிடித்தாள். "விடு."

நாத்தனார் சுவரிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள். இடுப்புவார் சுருக்கென்று இறுகித் தாங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே ஆடிக்கொண்டிருந்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக அத்தனை உயரத்திலிருந்து கண்ணைத் திறந்து, கீழே பயிற்சியாளரைப் பார்த்தாள்.

"பிள்ளைங்களை வரச் சொல்லுங்க."