முதலில் வண்டி

லியோனார்ட் அந்தக் காரை வாங்குவதற்கு முன் மனைவி மர்சலினைக் கேட்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பார்வைக்குச் சின்னக் கார். பானட்டுக்குள் இருப்பதோ பெரிய வண்டிகளையே மூச்சு வாங்க வைக்கும் எஞ்சின். தரையோடு தரையாகத் தாழ்ந்த உடம்பு, பின்னால் இரட்டை சைலன்சர், கறுப்பு சீட்டில் சிவப்புத் தையல். பறப்பதற்கென்றே செய்த வண்டி. அதைக் கொண்டுவந்து மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் கட்டிப்போட்டால் அது பாவம் என்ன செய்யும்? மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட பக்கம் போகாது. வேகத்தடை வந்தால் வண்டியைக் குறுக்கே வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்ற வேண்டும். அப்படியும் அடியில் கரக்கென்று உரசும். உடனே லியோனார்ட் நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கிக் குனிந்து பார்ப்பான். பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர்கள் அவன் வம்சத்தையே விசாரிப்பார்கள். மர்சலின் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு பள்ளமும் அவள் இடுப்பில் வந்து சேரும். நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்துகிற டீச்சர் அவள். அந்த இடுப்பு ஏற்கெனவே அரைகுறைதான்.

நந்தனத்து ஆபீசுக்கு லியோனார்ட் ஸ்கூட்டரில்தான் போவான். அங்கே பேஸ்மென்ட் சரிவில் காரின் மூக்கு இடிக்குமாம். ஆக, கார் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு சாந்தோம் போகும். என்றைக்காவது விடியற்காலையில் அவனோடு மட்டும் ஈ.சி.ஆரில் ஒரு ஓட்டம் ஓடும். மற்ற நாளெல்லாம் உறையைப் போர்த்திக்கொண்டு வாசலில் தூங்கும். வாங்கிய வாரம் மந்திரிக்கக் கொண்டுபோனபோது, ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடிப்பதற்குள் பெயின்டில் கறை படியுமென்று துணியால் துடைத்தவன் அவன். ஃபாதர் சிரித்துவிட்டார். மர்சலினுக்குத்தான் மானம் போயிற்று. அவளை ஓட்டவும் விட மாட்டான். கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் வாங்கியவளிடம், "இதோட பிக்கப் உனக்குத் தெரியாது மர்சி" என்பான்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். மழையைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவர்கள் இருப்பது கீழ்த்தளம். நல்ல மழை பிடித்தால் தெருத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். மழை எச்சரிக்கை வந்ததுமே கார் வைத்திருக்கிறவர்கள் மேம்பாலத்தில் ஓரமாக வரிசைகட்டி நிறுத்திவிட்டு வீடு திரும்புவது இந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. லியோனார்ட் மட்டும் திரும்ப மாட்டான். முதல் மழையில் யாரோ சைடு மிரரை இடித்துவிட்டுப் போனதிலிருந்து காருக்குள்ளேயே உட்கார்ந்து காவல் காப்பான். தண்ணீர் வடிந்த பிறகுதான் வருவான். அதற்குள் வீட்டில் பிரிட்ஜ் அடுக்கிய செங்கல்லின் மேல் ஏறியிருக்கும். அரிசியும் விடைத்தாள் கட்டுகளும் பரணில் இருக்கும். "பரவால்ல, ஒண்ணும் நனையல" என்பான். அப்புறம் காபி கேட்பான்.

போன மழைக்குப் பிறகு மர்சலினால் வெகுநாள் குனிய முடியவில்லை. இனி ஒரு மழைக்கு அந்த வீட்டில் தனியாக நிற்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள். அவனிடம் சொல்லியும்விட்டாள்.

"அடுத்த மழைக்கு நீங்க வீட்ல இருக்கணும். என்னால முடியலங்க."

"பாத்துக்கலாம் மர்சி" என்றான். அவன் பார்த்துக்கொள்ளும் லட்சணம் அவளுக்குத் தெரியாதா?

நவம்பரில் ஒருநாள் மழைக்காகப் பள்ளியை மதியத்தோடு விட்டுவிட்டார்கள். மர்சலின் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது லியோனார்டிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'கெளம்பிட்டேன். கார் கவரை எடுத்து வை. ஒடனே மேம்பாலம் போகணும்.' அவள் அதைத் திரும்பப் படித்தாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளைப் பற்றியும் இல்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அலுப்புத்தான் வந்தது.

மாடியில் தனியாகக் குடியிருக்கும் ஜமீலுன்னிசா படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாம்மா, உன் வூட்டுக்காரர் இந்த வாட்டியும் வண்டியோட போயிருவாரா?"

"இந்த வாட்டி வண்டியோட நான் போறேங்க்கா."

ஜமீலுன்னிசா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "போ. துன்றதுக்கு எதுனா எடுத்துக்கினு போ."

ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, உறையைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு மர்சலின் காரைக் கிளப்பினாள். முதலில் அது முரண்டு பிடித்துக் குதித்தது, நின்றது. இரண்டாம் முறை மெதுவாக கிளட்சை விட்டாள். அடையாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அவள் சொன்னபடி கேட்க ஆரம்பித்துவிட்டது. மேம்பால ஏற்றத்தில் காலை லேசாக அழுத்தியதுமே சர்ரென்று ஏறியது. சனியன், நன்றாகத்தான் இருந்தது. அது தனக்குப் பிடித்துப்போனதில் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஏற்கெனவே பாதிப் பாலம் நிறைந்திருந்தது. இரண்டு கார்களுக்கு நடுவே இடம் பிடித்து நிறுத்திய கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மர்சி, காரைக் காணோம்."

"மேம்பாலத்துல இருக்கு. நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

"இடிச்சியா?" என்றான்.

"இல்ல."

"சரிவு அது. கியர்ல போட்டுட்டு நிறுத்தினியா?"

"போட்டிருக்கேன்."

"சரி, நான் அங்க வந்துடறேன். நீ ஸ்கூட்டரை எடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு."

"வர வேணாம். வண்டியை நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டப் பாருங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மழை வலுத்தது. கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்றாள். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மறுபடி போன்.

"மர்சி, தண்ணி வாசப்படி ஏறிடுச்சு. பிரிட்ஜைத் தூக்கி வைக்கணும். அந்த ஆளோட நம்பரைக் குடு."

"எந்த ஆளு?"

"எப்பவும் வந்து தூக்கி வைப்பானே, அந்த ஆளு."

மர்சலினுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வரவில்லை. இத்தனை மழைக்கும் அவள் யாரையோ கூப்பிட்டு வேலை வாங்கியதாக இவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"அப்படி ஒரு ஆளே கிடையாதுங்க."

"பின்ன யாரு தூக்கினா?"

"ஒரு பக்கம் ஜமீலுன்னிசா அக்கா, ஒரு பக்கம் நான்."

"பொம்பளைங்க ரெண்டு பேருமா? அந்த கனத்தையா? எப்படித் தூக்கினீங்க?"

"அழுதுகிட்டேதான் தூக்கினேன்."

இதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. குரலும் உடைந்துவிட்டது.

"எனக்குத் தெரியாது மர்சி" என்றான்.

"நீங்க கேக்கல."

அடுத்து அவன் காரைப் பற்றித்தான் ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. தண்ணீரில் கால் அளையும் சத்தம் கேட்டது. பிறகு, மாடிப்படியைப் பார்த்து அவன், "அக்கா, கொஞ்சம் கீழ வர்றீங்களா?" என்று கூப்பிடுவது கேட்டது. போனை அணைக்க மறந்து எங்கேயோ வைத்துவிட்டான் போலிருக்கிறது. பிரிட்ஜ் தரையில் இழுபட்டது. "இந்தப் பக்கம் புடிங்க" என்று ஜமீலுன்னிசா அதட்டினாள். லியோனார்ட் முனகினான். அந்த முனகல் எந்த இடத்து வலி என்று மர்சலினுக்குத் தெரியும்.

இறங்கி ஒரு ஆட்டோ பிடித்துப் போய் அவர்களுக்கு ஒரு கை கொடுக்கலாம் என்று கதவில் கை வைத்தாள். கை அங்கேயே கிடந்தது. கொஞ்சம் கழித்துப் போகலாம் என்று சீட்டைப் பின்னால் சாய்த்தாள். பிரிட்ஜ் கல்லின் மேல் ஏறும் சத்தம் போனில் வந்தபோது அவள் தூங்கிவிட்டிருந்தாள்.