ஒரே எண், வேறு மாதம்

சோமேஷ் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைபேசியில் இருந்த படத்தைப் பெரிதாக்கி அருணகிரியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இது நான் சைக்கிள் வாங்கின அன்னிக்கி எடுத்தது. பின் கியர் மேல என்ன எழுத்து இருக்கு, படிங்க."

கடை முதலாளி அருணகிரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். "டி... சி."

"இப்ப சைக்கிள்ல பாருங்க."

அருணகிரி குனியவில்லை. மெக்கானிக் பிரகாஷ் குனிந்தான். பின் சக்கரத்தின் ஓரம் தொங்கிய கியர் மாற்றியின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் துடைத்தான். "க்யூ, கே."

"மொத எழுத்து வருஷம். ரெண்டாவது மாசம். டி-சின்னா ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு மார்ச்சுல செஞ்சது. க்யூ-கேன்னா ரெண்டாயிரத்துப் பதினெட்டு நவம்பர். என்னோடத எடுத்துட்டு அதவிட ரெண்டு வருஷத்துக்கு மேல பழசானத மாட்டி வெச்சிருக்கீங்க."

"சைக்கிளுக்கும் ஜாதகம் கணிக்க ஆரம்பிச்சிட்டீங்களா சாமி?" என்றான் பிரகாஷ்.

அவன் மட்டும்தான் சிரித்தான்.

சோமேஷின் அப்பா அண்ணாமலையார் கோயிலில் குருக்கள். சோமேஷுக்கு வேலை பெங்களூரில். மாட வீதி வீட்டு நடையில் சைக்கிளை நிறுத்தினால் ஆள் போக முடியாது என்பதால், செங்கம் சாலையில் இருந்த இந்தக் கடையின் பின்கொட்டகையில்தான் விட்டு வைப்பான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான், மலையை ஒரு சுற்றுச் சுற்றுவான், திரும்ப விட்டுவிட்டுப் போவான். இப்படி விட்டுப்போனவர்களின் சைக்கிள்கள் அந்தக் கொட்டகையில் பதினான்கு இருந்தன. பாதி வெளிநாட்டுக்காரர்களுடையவை. வெயில் தொடங்கும்போது ஊருக்குப் போனால், கார்த்திகைக்குத்தான் திரும்பி வருவார்கள்.

மேசைக்குப் பின்னால் வாடகைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தமிழ்செல்விக்கு எழுத்துகளைக் கேட்டவுடனே விஷயம் விளங்கிவிட்டது. அவள் தலை நிமிரவில்லை.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமிக்கு முந்தின இரண்டு நாளும் வாடகை சைக்கிளுக்குக் கிராக்கி. கூட்டம் சேர்வதற்குள் மலையைச் சுற்றிவிடலாம் என்று வருகிறவர்கள் விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து வாடகை சைக்கிளில் ஒன்றுக்குக் கியர் போயிருக்கும், ஒன்றுக்கு பிரேக் போயிருக்கும். கொட்டகையில் சும்மா நிற்கும் சைக்கிளிலிருந்து கழற்றி மாட்டுவார்கள். பௌர்ணமி முடிந்ததும் கழற்றியதை எடுத்த இடத்தில் திரும்ப வைப்பார்கள். அருணகிரி இதற்குக் கைமாத்து என்று பெயர் வைத்திருந்தார். சைக்கிள்காரர்களுக்கு இது தெரியாது.

தமிழ்செல்வி வருவதற்கு முன் எது எதிலிருந்து வந்தது என்பது பிரகாஷின் தலைக்குள் இருந்தது. அவள் கெமிஸ்ட்ரி படித்தவள். வந்த முதல் வாரமே ஒரு நோட்டுப் போட்டாள். சைக்கிளுக்கு வரிசை எண், கழற்றிய பாகத்தின் பெயர், அதில் பொறித்திருக்கும் பார்ட் நம்பர். தேதி எழுத்துகளையும் அவள் பார்த்திருக்கிறாள், பொருளும் தெரியும். பார்ட் நம்பர் இருக்கும்போது அது எதற்கு என்று தேதிக்கான கட்டத்தை அடித்துவிட்டாள்.

ஏழாம் எண் சோமேஷுடையது. பதினொன்றாம் எண் ஒரு இத்தாலியப் பெண்ணுடையது. இரண்டிலும் பின் கியரின் பார்ட் நம்பர் ஒன்றுதான். ஆர்-டி என்று தொடங்கும் அதே எண். போன பௌர்ணமிக்கு இரண்டையும் கழற்றினார்கள். திரும்ப மாட்டும்போது பிரகாஷ் கை நீட்டி, "ஏழுக்கு எது?" என்று கேட்டான். அவள் நோட்டைப் பார்த்து, எண்ணைப் பார்த்து, ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஆய்வுக்கூடத்தில் பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு உள்ளே என்ன இருக்கிறது என்பதைத்தான் சொல்லும், எந்தப் பாட்டில் என்பதைச் சொல்லாது. மூன்று வருடம் படித்ததில் இது முதல் மாதப் பாடம்.

"உள்ள வேல செய்யறது யாரு?" என்று கேட்டான் சோமேஷ்.

"இவன்தான்," என்றார் அருணகிரி.

"அப்ப இவர்தான் எடுத்திருக்கணும். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டுப் போறேன். அவங்க கேக்கட்டும்."

"மொதலாளி," என்றான் பிரகாஷ். "அது நாம பௌர்ணமிக்கு..."

"வாய மூடுடா."

அருணகிரி பிரகாஷின் தோளில் கை போட்டுப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். மேசையைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். அதனால் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் தமிழ்செல்விக்குக் கேட்டது.

"எடுத்தது நீதான்னு ஒத்துக்க. உன்ன நிறுத்திட்டேன்னு சொல்லி அனுப்பிடறேன். ரெண்டு வாரம் கழிச்சு வா."

"திருடன்னு சொல்லிட்டு ரெண்டு வாரமா?"

"கைமாத்து வெளிய தெரிஞ்சா பதினாலு பேரும் சைக்கிள உருட்டிக்கினு போயிடுவாங்க. உன் ஒருத்தன் பேரு, ரெண்டு நாள் பேசுவாங்க."

"எங்கூரு அடி அண்ணாமலைங்க. இங்கேர்ந்து அரை மணி நேரம். கோயில்காரங்க வாயால ஒரு தடவ திருடன்னு வந்துட்டா, எம் பொண்ணு இஸ்கூலுக்குப் போனாக்கூட அதான் பேச்சு."

"பின்ன என்னடா பண்ணச் சொல்ற?"

பிரகாஷ் கையில் இருந்த ஸ்பேனரை மேசை மேல் வைத்தான். எப்போதும் பலகை ஆணியில் மாட்டுவதுதான் வழக்கம்.

தமிழ்செல்வி எழுந்தாள். அந்தக் கடையில் ஏழு மாதமாக வேலை செய்கிறாள். வாடிக்கையாளரிடம் அவள் பேசியதெல்லாம் சைக்கிள் எண்ணும் திரும்பக் கொண்டுவர வேண்டிய நேரமும்தான். கொட்டகைக்குள் போனாள். பதினொன்றாம் எண் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். உருட்டும்போது பெடல் கணுக்காலில் இடித்தது.

"உங்க கியர் இதுல இருக்கு," என்றாள்.

குரல் மிகவும் மெல்லியதாக வந்தது. சோமேஷ், "என்ன?" என்றான். அவள் திரும்பச் சொன்னாள்.

"இது யார் சைக்கிள்?"

"வேற ஒருத்தங்களுது. இதுல க்ராங்க் பாருங்க, க்யூ-எச். பிரேக் க்யூ-ஜே. ஹப்பும் க்யூ-ஜே. எல்லாம் ரெண்டாயிரத்துப் பதினெட்டு. பின் கியர் மட்டும் டி-சி. உங்களுதுல எல்லாம் இருபத்தொண்ணு, கியர் மட்டும் பதினெட்டு. ரெண்டும் இடம் மாறியிருக்கு. மாத்திக் குடுத்தது நான். பார்ட் நம்பர மட்டும் பாத்தேன்."

"மாத்திக் குடுத்தீங்கன்னா? எதுக்குக் கழட்டினீங்க?"

அருணகிரி, "தமிழு," என்றார். அதட்டலாக இல்லை. அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வாடகை சைக்கிளுக்குப் போட," என்றாள் அவள். "பௌர்ணமிக்குப் பௌர்ணமி."

சோமேஷ் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பதினொன்றாம் எண் சைக்கிளின் அருகே உட்கார்ந்து, கைபேசி வெளிச்சத்தில் அவள் சொன்ன எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டான். எழுந்தபோது கோபம் வேறு ஆள் பக்கம் போயிருந்தது.

"ஏங்க, நான் நம்பி விட்டுட்டுப் போறேன். நீங்க என் சைக்கிளக் கழட்டி ஊருக்கு வாடகைக்கு விடுறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க சாமி. எடுத்தத வெச்சுடுவோம். எதுவும் கம்மியாகாது."

"இவர ஏன் திருடன்னு சொல்ல விட்டீங்க?"

அருணகிரி தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

பிரகாஷ் மேசை மேலிருந்த ஸ்பேனரை எடுத்தான். இரண்டு கியர்களையும் கழற்றி இடம் மாற்றி மாட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு தடவைகூட அவன் தமிழ்செல்வியைப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் சோமேஷ் டி-சியைத் தொட்டுப் பார்த்தான். பிரகாஷிடம், "தப்பாச் சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க," என்றான். இனி சைக்கிளை வீட்டு நடையிலேயே நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனான்.

அருணகிரி வெளியே வந்தார். "நாளையிலேர்ந்து வர வேணாம்மா. நீ படிச்ச பொண்ணு. வேங்கிக்கால் பக்கம் எதனா ஆபீசுல கெடைக்கும்."

"சரிங்க."

அவள் பையை எடுத்தாள். வாசலில் பிரகாஷ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றான்.

"நான் போயிருந்தா ரெண்டு வாரத்துல கூப்ட்டிருப்பாரு. உன்ன கூப்பிட மாட்டாரு. தெரியுமில்ல?"

"தெரியும்ணா."

"பின்ன எதுக்கு வாய தெறந்த? ஏழு மாசமா 'சரிங்க'வத் தவிர வேற ஒண்ணும் வரல. இன்னிக்கின்னு பாத்து ஏ-பி-சி-டி ஒப்பிக்கிற."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பிரகாஷ் கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டினான்.

"மிச்சம் பதிமூணு நிக்குது. எதுல எது மாறிக் கெடக்குதோ. இத்தாலிக்காரி வந்து போட்டோ நீட்டினா நான் என்ன சொல்லுவேன்?"

அவள் வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்தாள். தொழிற்சாலையில் ஒரு சைக்கிளின் பாகங்களை ஒரே சமயத்தில் மாட்டுகிறார்கள். அதனால் பாகங்களின் தேதிகள் சில மாதங்களுக்குள் அடங்கிவிடும். தனித்து நிற்கிற எழுத்தை எடுத்துக்கொண்டு, அது சேருகிற சைக்கிளைத் தேடலாம். சொந்தக்காரரே இடையில் எதையாவது மாற்றியிருந்தால் கண்டுபிடிக்க முடியாது. மற்றவற்றை முடியும்.

பையை இறக்கி வைத்துவிட்டு நோட்டில் புதுப் பக்கம் எடுத்தாள். இந்தத் தடவை தேதிக்கும் ஒரு கட்டம் போட்டாள். பிரகாஷ் டார்ச் அடித்து எழுத்துகளைப் படிக்க, அவள் எழுதிக்கொண்டே வந்தாள். நான்காவது சைக்கிளில் முன் பிரேக்கின் எழுத்து மற்றவற்றோடு ஒட்டவில்லை. அதோடு இடம் மாறிய பிரேக் ஒன்பதாவதில் கிடைத்தது.

அருணகிரி கொட்டகை வாசலில் வந்து நின்றார். இருவரும் கையை நிறுத்தினார்கள். அவர் நோட்டைப் பார்த்தார், கழற்றிக் கீழே வைத்திருந்த இரண்டு பிரேக்குகளையும் பார்த்தார்.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிட்டுக் கெளம்பு," என்றார்.

தமிழ்செல்வி தலையாட்டிவிட்டு அடுத்த சைக்கிளின் பக்கம் நகர்ந்தாள்.