நான்காவது கட்டம்

அறிக்கைக் கட்டுக்கு அரக்கு வைக்கலாமென்று மெழுகுவத்தியைக் கொளுத்திய நேரத்தில்தான் பேச்சாயி வந்தாள். 1962, புரட்டாசி மாதம். பியூன் அப்துல் ஜப்பார் அவளை வாசலிலேயே நிறுத்திப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. "சார், இந்தம்மா வத்தலக்குண்டுப் பக்கமிருந்து வந்திருக்கு. ஒங்களப் பாக்காம போகமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

எனக்கு எரிச்சல். அன்று நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷமாக இருக்கிற குமாஸ்தாவுக்கு மனுவோடு வருகிறவர்களைப் பிடிக்காது. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வரை இருபத்திரண்டு மைல் சாலையில், விபத்தைக் குறைக்க ஓராண்டாக ஒரு திட்டம் நடந்தது. வளைவுகளில் எச்சரிக்கைப் பலகை, வெள்ளிக்கிழமைதோறும் லாரிகளுக்கு பிரேக் சோதனை, பஸ் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை, அடிபட்டவர்களை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வேன். இதெல்லாம் மேலிடத்து யோசனை. ஆனால் பலன் உண்டா இல்லையா என்று அளக்கிற படிவம் என் சொந்தச் சரக்கு. ஒரே தாள், ஏழு கட்டம். போலீஸ்காரர் விபத்து நடந்த இடத்திலேயே நிரப்பி அன்றைக்கே தபாலில் போட்டுவிடலாம். நான்காவது கட்டம், ஸ்தலத்தில் இறந்தவர். ஐந்தாவது, காயம்பட்டவர். அதை அப்படியே நான் நோட்டில் ஏற்றுவேன். இறந்தவர்களுக்குப் பெயர், காயம்பட்டவர்களுக்கு எண்ணிக்கை மட்டும். திட்டத்துக்கு முந்தின வருஷம் நான்காவது கட்டத்தில் பதினான்கு பேர். இந்த வருஷம் ஐந்தே பேர். ஆபீசர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கைகொடுத்தார். அறிக்கையும் நோட்டும் மெட்ராஸ் போனால் இன்னும் மூன்று வேன் வரும் என்றார்.

"என்னம்மா வேணும்?"

"ரோட்டுல செத்தவுக பேரையெல்லாம் இங்க நோட்டுல எழுதியிருக்கீகளாமே. எங்க வீட்டுக்காரரு பேரு இருக்கான்னு பாக்கணும்யா."

பெயரைக் கேட்டேன். அவள் சொல்லவில்லை. புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. முந்தி முடிச்சை அவிழ்த்து ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினாள். நாச்சிமுத்து, வயது முப்பத்தாறு. தக்காளி லாரியின் பாரத்துமேல் உட்கார்ந்து வந்தவர், வளைவில் பிரேக் போட்டபோது கீழே விழுந்திருக்கிறார். ஆனி மாதம். நோட்டைப் புரட்டினேன். அந்தத் தேதியில் நான்காவது கட்டம் காலி. ஐந்தாவதில், ஒன்று.

"காயம்னுதானேம்மா இருக்கு."

"ஒம்போது நாளு கெடந்து செத்தாருய்யா."

என் நோட்டில் நாச்சிமுத்து இன்னும் உயிரோடிருந்தார்.

"கொழுந்தனாரு கட்டுப்போடுற வைத்தியருகிட்டத் தூக்கிட்டுப் போவோம்னாரு. நாந்தான் கேக்கல. வேன்ல ஏத்துனா பொழச்சுக்கலாம்னு சந்தையில மைக்கு வச்சுச் சொன்னாகளே, அத நம்பி ஏத்திவிட்டேன். இப்ப வீட்டுல அம்புட்டுப் பேரும் நாந்தான் ஆசுபத்திரியில குடுத்துக் கொன்னுபுட்டேங்குறாக. எம் பிள்ளையே எங்கிட்டப் பேச மாட்டேங்குது. லாரியில விழுந்துதான் செத்தாருன்னு சர்க்காரு நோட்டுல இருந்துச்சுன்னா…"

சந்தையில் மைக் வைத்துச் சொன்ன அந்த வாசகத்தை எழுதியவனும் நான்தான். திங்கட்கிழமை வரச் சொல்லி அனுப்பினேன். மெழுகுவத்தியை அணைத்துவிட்டு, வேன் டிரைவரின் நோட்டில் இருந்த பெயர்களைக் குறித்துக்கொண்டு மறுநாள் லீவு போட்டு மதுரைக்குப் போனேன். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் இரண்டு நாள் தேடினேன். நாச்சிமுத்துவோடு சேர்த்து எட்டுப் பேர் இறந்திருந்தார்கள். ஐந்தும் எட்டும் பதிமூன்று. வேன் இல்லாத வருஷம் பதினான்கு பேர் ரோட்டில் கிடந்து செத்தார்கள். வேன் வந்த வருஷம் ஐந்து பேர் ரோட்டிலும், எட்டுப் பேர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் செத்திருக்கிறார்கள். சாகிற இடம்தான் மாறியிருக்கிறது. திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆபீசர் கெட்டவரில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "அந்த எட்டுப் பேரும் ஆஸ்பத்திரிக் கணக்குய்யா, நம்ம கணக்கில்ல. நீ பதிமூணுன்னு எழுதினா இருக்கிற ஒரு வேனையும் தூக்கிட்டுப் போயிருவாங்க. நாளைக்கு அடிபட்டவன எதுல ஏத்துவ?" என்றார். திங்கட்கிழமை தபாலில் கட்டு போயாக வேண்டும் என்றார்.

திங்கட்கிழமை காலையில் பேச்சாயி வந்தாள். நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் கண் முன்னால் நான்காவது கட்டத்தில் பெயரை எழுதிக் காட்டி, அவள் படியிறங்கியதும் ரப்பரால் அழித்துவிடுவதாக முடிவு செய்திருந்தேன். அவள் மனமும் ஆறும், கட்டும் போய்விடும் என்பது என் கெட்டிக்காரத்தனம். அப்படியே எழுதினேன். நோட்டை அவள் பக்கம் திருப்பி, "நாச்சிமுத்து" என்று வாசித்தேன்.

அவள் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள். பிறகு குனிந்து மேல் வரியைப் பார்த்தாள், கீழ் வரியைப் பார்த்தாள்.

"மத்தவுக பேரெல்லாம் மையில இருக்கு. இவுக பேரு மட்டும் ஏன்யா பென்சில்ல இருக்கு?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "மையில எழுதுங்கய்யா" என்று சொல்லி விரலை எடுத்தாள். வியர்வை பட்டு முதல் எழுத்து அதற்குள் லேசாகக் கலைந்திருந்தது.

பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன். உள்ளறையில் ஆபீசர் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் அப்துல் ஜப்பார், எரிகிற மெழுகுவத்தியைக் காற்றில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, அரக்கோடு காத்து நின்றார்.