அடி பிடித்த வாத்து

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய நோன்பு தொடங்கும் திங்கட்கிழமை எங்கள் கோயிலில் யாரும் யாரிடமிருந்தும் தப்ப முடியாது. மத்தியான ஜெபம் முடிந்ததும் எங்கள் பாதிரியார், அச்சன், முதலில் மண்டியிட்டு, 'என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சபையிடம் கேட்பார். பிறகு ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. வாலைத் தேடும் பாம்பு மாதிரி வரிசை மடங்கி வரும். எதிரே வருகிற ஒவ்வொருவர் கையையும் தொட்டு அதே வார்த்தையைச் சொல்ல வேண்டும். 'தேவன் நம் இருவரையும் பொறுப்பாராக' என்று அவர் பதில் சொல்வார். வேலித் தகராறு, வாய்க்கால் தகராறு எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை புதிதாகத் தொடங்கும்.

எழுபத்து மூன்று வயதுவரை இந்தச் சடங்கால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒரே ஆள் முப்பத்தோரு வருஷமாக எங்கள் கோயிலுக்கு வந்ததில்லை, அதுதான் காரணம்.

நோன்புக்கு முந்தின ஞாயிறு, கடைசி இறைச்சி நாள். என் மனைவி ஏலிக்குட்டி தேங்காய்க் கொத்து போட்டு மாட்டிறைச்சி வறுத்து வைத்தாள். நான் முதல் வாய் எடுக்கும்போது சொன்னாள்:

"அவிராச்சாயன் நாளைக்கு நம்ம கோயிலுக்கு வர்றாராம்."

"எதுக்கு?"

"எதுக்கா? ஒப்புரவுக்குத்தான். புதன்கிழமை மகளோட நாக்பூர் போறாரு. இனிமே அங்கதானாம். கண்ணை மூடறதுக்குள்ள சொந்தக் கோயில்ல ஒரு தடவ கும்பிட்டுடணும்னு சொன்னாராம். என்ன மனுசா, இறைச்சி இறங்கலியா?"

"உப்பு கொஞ்சம்..."

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் என்னமோ குறையுது." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எங்கம்மா குடுத்த உருளி இருந்திருந்தா இன்னும் நல்லா வந்திருக்கும்."

இறைச்சி வறுக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த வெண்கல உருளி நினைவு வரும். கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன் ஒரு முதலை அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தொப்பி போட்ட தாசில்தார் மாதிரி ஆற்றில் நீந்திப் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

எங்கள் கரையில் யாரும் என்னைப் பொய்யன் என்று சொல்வதில்லை. 'உதுப்பச்சாயன் சொன்னது' என்பார்கள். அர்த்தம் அதேதான், மரியாதை கொஞ்சம் கூட. பெரிய வெள்ளத்தில் எங்கள் மாட்டுத் தொழுவம் ஆலப்புழை வரைக்கும் மிதந்து போய், அங்கே பால் கறந்து விற்றுவிட்டு, கடல் ஏற்றத்தில் திரும்பி வந்ததைச் சொன்னவன் நான்தான். அதனால் இப்போது சொல்லப் போவதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ, தெரியவில்லை.

அந்த நாளில் நானும் அவிராவும் ஒரே வள்ளத்தில் வைக்கோல் ஏற்றிப் போவோம். நான் முன்னால் துழாவினால் அவன் பின்னால் கழி ஊன்றுவான். நோன்பு ஐந்தாம் வாரம். அவிரா மத்தியான ஜெபம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். அன்றைக்கு வரப்பில் வள்ளத்தைக் கட்டிவிட்டு அவன் ஜெபத்துக்குப் போனான். நான் காவல். அறுத்த வயலில் மேயவிட்ட வாத்துக் கூட்டத்திலிருந்து ஒன்று பிரிந்து, பலகை வழியாக நடந்து, வள்ளத்துக்குள் வந்து என்னைப் பார்த்தது. தானாகத்தான் ஏறி வந்தது. இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

மறுநாள் காலை கோயில் கணக்கும் சாவியும் வைத்திருக்கும் கைக்காரர் கோரா, வள்ளத்தின் அடியில் ஒட்டியிருந்த இறகைப் பார்த்தார். நோன்பில் இறைச்சி தின்றவன் யார் என்று என்னைக் கேட்டார். "அவிராவக் கேளுங்க" என்றேன். அதோடு நின்றிருந்தால் சின்னப் பொய். ஆனால் அவர், "அவிராவா? நம்ப முடியலியே" என்றார். நம்ப முடியவில்லை என்று யாராவது சொன்னால் என் நாக்கு சும்மா இருக்காது. வாத்தை அவிரா எவ்வளவு அவசரமாக விழுங்கினான் என்றால், அது முழுசாகச் சாகக்கூட நேரம் கிடைக்கவில்லை என்றும், சபை இரக்கம் கேட்டு 'குரியேலாயிசோன்' பாடும்போதெல்லாம் அவன் வயிற்றுக்குள்ளிருந்து அதுவும் பதில் பாடுகிறது என்றும் சொல்லிவிட்டேன்.

நல்ல கதை. அதுதான் கேடு. அடுத்த ஞாயிறு 'குரியேலாயிசோன்' பாடியதும் பின்வரிசையிலிருந்து ஒரு 'குவாக்'. அதற்கடுத்த ஞாயிறு பத்து. ஈஸ்டருக்குள் அவன் பெயர் வாத்து அவிரா. அவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட 'வாத்து அவிரா வீடு எது' என்று கேட்டுத்தான் வந்தார்கள். அவன் இன்னும் நாலு வாரம் வந்தான், கடைசி ஆசீர்வாதம்வரை நின்றான். ஐந்தாம் வாரம் வள்ளத்தை எடுத்துக்கொண்டு காயலுக்கு அக்கரையில் இருக்கும் கோயிலுக்குப் போனான். ஒன்றரை மணி நேரத் துழாவல். முப்பத்தோரு வருஷம், மழையோ காற்றோ. அவன் வள்ளம் எங்கள் படகுக் கடவைத் தாண்டும் நேரத்தில் எனக்கு வீட்டுக்குள் ஏதாவது வேலை இருக்கும்.

வள்ளத்தில் இருந்தது இரண்டு பேர். தான் தின்னவில்லை என்றால் யார் தின்றது என்பது அவனுக்குத் தெரியாதா? ஒருவரிடமும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, அத்தோடு முடித்திருப்பேன்.

திங்கட்கிழமை காலையில் எனக்கு வயிற்றுவலி வந்தது. ஏலிக்குட்டி கஷாயம் கொண்டுவந்தாள், அந்த வாசனையிலேயே போய்விட்டது. முழங்காலில் பிடிப்பு என்றேன். "கும்பிடறப்ப சரியாயிடும்" என்றாள். சட்டையை இரண்டு தடவை மாற்றினேன். தொழுவத்துக்குப் போய்ப் பசுவைப் பார்த்தேன். பசுவும் என்னைப் பார்த்தது. கடைசியில், சடங்கில் மாட்டிக்கொள்வதைவிடத் தனியாகச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று சீக்கிரமே கிளம்பி அச்சனிடம் போனேன். சின்ன வயசு அச்சன், வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டு, வாத்தில் தொடங்கி இறகுவரைக்கும் சொன்னேன். அச்சன் தோளில் ஜெபச் சால்வை குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"உதுப்பச்சாயா," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இங்கயுமா கதை? நோன்பு முதல் நாளு, கொஞ்சம் அடக்கி வாசிங்க."

"அச்சோ, இது நெசம்."

"தொழுவம் ஆலப்புழை போனதும் நெசம்னுதானே சொன்னீங்க? போங்க, நாற்பது கும்பிடும் ஒழுங்கா போடுங்க. அதே போதும்."

நோன்பு மத்தியானத்தில் நாற்பது தடவை நெற்றி தரையில் படக் கும்பிட வேண்டும். வழக்கமாக நான் பதினெட்டுக்குப் பிறகு இருபத்தாறு எண்ணுகிறவன். அன்றைக்கு நாற்பத்து மூன்று போட்டேன். நிறுத்தினால் வரிசை தொடங்கிவிடும் என்கிற பயம்.

வரிசை தொடங்கியது. அவிரா வெள்ளை ஜிப்பாவில், தடி ஊன்றி, எனக்குப் பதினேழு பேர் தள்ளி நின்றான். தலை முழுக்க வெளுத்திருந்தது. பின்னுக்குப் போகப் பார்த்தேன்; இருபதாகும் என்று நினைத்தால் வரிசை மடங்கிப் பதினொன்றாகிவிட்டது. ஒன்பது. ஐந்து. மீன் வியாபாரி ஐப்பு என் கையைத் தொட்டு, "என்னைப் பொறுத்துக்கோங்க. என்ன அச்சாயா, கை ஐஸ் மாதிரி இருக்கு?" என்றான். அடுத்தது அவிரா.

"என்னைப் பொறுத்துக்கொள்," என்றேன்.

"தேவன் நம் இருவரையும் பொறுப்பாராக," என்றான்.

கைகள் பிரிந்தன. அவ்வளவுதான், தப்பித்தேன். இன்னும் மூன்று பேரின் கையைத் தொட்டிருப்பேன். எல்லாருக்கும் அதே வார்த்தை. ஐப்பு எனக்குச் சொன்னதும் நான் அவிராவுக்குச் சொன்னதும் ஒன்றே. ஐப்பு என்னிடம் அழுகின மத்தி விற்றதற்கும், நான் அவிராவை முப்பத்தோரு வருஷம் துழாவ வைத்ததற்கும் ஒரே கணக்கா? கால் முன்னால் போக மறுத்தது. வரிசையை உடைத்துக்கொண்டு திரும்பினேன். எங்கள் கோயில் தொடங்கிய நாளிலிருந்து யாரும் அந்த வரிசையை உடைத்ததில்லை. இரண்டு பேர் என் மேல் முட்டினார்கள்.

அவிரா முன்னால் மண்டியிட்டேன்.

"அந்த வாத்த நான்தான் தின்னேன்."

ஐப்புதான் முதலில் சிரித்தான். அவனைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் ஏதோ ஒரு கிழம் பழக்க தோஷத்தில் 'குவாக்' என்றது. அச்சன் சிலுவையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

"எவ்வளவு பெரிய வாத்து அச்சாயா?" என்றான் ஐப்பு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் நாக்கு எழுந்துவிட்டது. "கன்னுக்குட்டி சைஸு இருக்கும். அது பலகைல நடந்து வர்றப்ப வள்ளமே..." என்று தொடங்கிவிட்டேன். சிரிப்பு கூரையைத் தொட்டது. அவிரா சிரிக்கவில்லை. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்பும் அவன் அப்படித்தான் நின்றிருப்பான். அன்றைக்கு நான் பார்க்கவில்லை.

வாயை மூடினேன். என் ஆயுசில் பாதியில் விட்ட ஒரே கதை அதுதான்.

"சின்ன வாத்து," என்றேன். "சதையே இல்ல. எண்ணெ பத்தல, அடி பிடிச்சிடுச்சு. கழுத்து வேகல. பாதிக்கு மேல தின்ன முடியல. அவிரா அன்னைக்குப் பட்டினி. அவன் ஜெபத்துக்குப் போயிருந்தான்."

சிரிப்பு அங்கங்கே நின்றது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஏலிக்குட்டியின் குரல் வந்தது.

"இது நெசம்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"நாற்பத்தெட்டு வருஷமா இந்த மனுசன் கதை கேக்கறேன். ஒரு கதையிலயும் ஒண்ணும் அடி பிடிச்சதில்ல." அவள் நின்றாள். கண் சுருங்கியது. "எதுல வறுத்தீங்க?"

நான் எழப் பார்த்தேன்.

"எதுல?"

"கஞ்சி காய்ச்ச வள்ளத்துக்கு எடுத்துட்டுப் போனேன்ல, அதுல. சுரண்டிச் சுரண்டிப் பாத்தேன், கருப்பு போகல. ஆத்துல போட்டுட்டேன்," என்றேன்.

"அப்ப முதலை?"

"முதலை வரல ஏலி."

நான் பேசி முடித்து யாரும் சிரிக்காமல் இருந்தது அதுவே முதல் தடவை. வேட்டி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது. "வீட்டுக்கு வாங்க," என்றாள் அவள். "உங்களுக்குத் தனியா ஒப்புரவு இருக்கு."

அவிரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழுத்து வேகலியாடா?"

"வேகல."

"நல்லா வேணும்." தடியைக் கை மாற்றிக்கொண்டான். "உதுப்பே, இந்தக் கோயில்ல நின்னு பொய் சொல்லக் கூடாது. பொறுத்துட்டேன்னு இப்ப சொன்னா அது பொய்யாயிடும். மனசு பின்னாலதான் வந்துகிட்டு இருக்கு, அதுக்கும் துழாவணும்ல. புதன்கிழமைக்குள்ள வந்து சேந்தா சொல்றேன். எழுந்திரு, வரிசை நிக்குது."

அந்த இரண்டு நாளும் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வாத்து என்னுடையது என்று சொன்னேன். நேற்றுவரை தொழுவத்தை நம்பியவர்கள் இதற்கு மட்டும் ரெண்டு சாட்சி கேட்டார்கள். ஏலிக்குட்டி உப்பில்லாத கஞ்சி ஊற்றினாள். உப்பு பற்றி நான் வாயே திறக்கவில்லை.

புதன்கிழமை படகு ஒன்பதரைக்கு. ஏழு மணிக்கே கடவில் போய் நின்றேன். அவிரா வந்தான், மகள் பெட்டியோடு வந்தாள். என்னை ஏறிட்டுப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தான். கயிறு அவிழ்த்தார்கள். படகு பின்வாங்கி, திரும்பி, காயல் பக்கம் மூக்கை வைத்தது. அவன் முதுகு மட்டும் தெரிந்தது. சரி, மனசு வந்து சேரவில்லை, வழியில் எங்கேயோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீரில் நட்ட வழித்தூணைச் சுற்றிப் படகு வளையும் இடத்தில் அவன் எழுந்து நின்றான். தடியை மகளிடம் கொடுத்தான். இரண்டு கையையும் வாயருகில் குவித்து, காயலே கேட்கும்படி கத்தினான்:

"குவாக்!"

உடனே எங்கள் கரையிலிருந்த ஆயிரத்து இருநூறு வாத்துகளும் தலை தூக்கி ஒரே குரலில் அவனுக்குப் பதில் சொல்லின.

இல்லை. வாத்து எதுவும் பதில் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.