மண்டோரின் இடது பக்கம்

உள்ளே ராமசாமி அடித்துக்கொண்டிருந்தான். கொட்டகைக்கு வெளியே அடுப்பின் முன் உட்கார்ந்து கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தாள் பஞ்சாலை. ரப்பர் விறகு சதையில் விழும் சத்தம் ஈரத்துணியைக் கல்லில் அறைவது போல இருக்கும். அது அவளுக்குப் பழகிவிட்டது. அடி வாங்குகிறவன் ஒரு முனகல்கூட விடாமல் கிடப்பதுதான் அடிக்கிறவர்களுக்குப் பழகவில்லை.

அடி வாங்கிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் மாயாண்டி. முன்பு அவன் இந்த ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது பிந்தி வருகிறவர்களைப் பிரம்பால் அடிப்பது அவன் வேலையாக இருந்தது. காடு வெட்டும்போது ஒரு கிளை முறிந்து அவன் தலையின் வலப்புறத்தில் விழுந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவனுடைய இடது கையும் காலும் விழுந்திருந்தன. வாய் கோணியிருந்தது. அந்தக் கோணல் வாயில் மிச்சமிருந்தவை பெரும்பாலும் வசவுகள்.

வேலைக்கு ஆகாதவர்களுக்கென்று கூலிகள் குடியிருந்த லயத்தின் கோடியில் தோட்ட நிர்வாகம் வைத்திருந்த கொட்டகையில் அவனையும் போட்டார்கள். நொண்டிக் கொட்டகை என்று லயத்தில் சொல்வார்கள். முன்பு அங்கே ஆட்கள் மண் தரையில் கிடந்தார்கள். புத்தி கலங்கியவர்களைத் தூணில் இருந்த இரும்பு வளையத்தில் கட்டிப்போடுவார்கள். பிறகு கவர்மெண்டு சட்டம் வந்தது. பலகைக் கட்டில் வேண்டும், கொசுவலை வேண்டும், கூடவே இருக்க ஒரு ஆயா வேண்டும். யாரையும் கட்டக்கூடாது, பூட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. மீறினால் அடித்தவர்களுக்குக் கோர்ட்டு. தோட்டத்துத் துரை வளையத்தைப் பிடுங்கி எறிந்தார், சிரம்பான் லோபாக் கடையிலிருந்து கொசுவலை வாங்கினார், பஞ்சாலையை ஆயாவாகப் போட்டார். புருஷனைப் பெண்டாட்டி பார்த்துக்கொள்வாள், அதோடு மற்றவர்களையும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கணக்கு.

மற்றவர்கள் யார் என்பதை அவர் யோசிக்கவில்லை. ராமசாமியின் இடது முழங்கை மாயாண்டியின் பிரம்பில் உடைந்து கோணலாகக் கூடியது. பிறகு காலும் புண்பட்டு அழுகியதால் கொட்டகைக்கு வந்தான். செல்லம்மாவின் மகள் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது ஒருநாள் பெரட்டுக்குப் பிந்தினாள். அன்று மாயாண்டியின் பிரம்படியில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. செல்லம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. ஆனால் மாயாண்டியின் கட்டில் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தடவிக்கொண்டே போய் அடிப்பாள்.

அவர்கள் எல்லோருமே இடது பக்கத்தில்தான் அடித்தார்கள். தோட்டத்தில் அடி என்றாலே இடது பக்கம். வலது கை பால் வெட்டுகிற கை. அதில் அடிபட்டால் மரம் வெட்டாமல் கிடக்கும், துரை மண்டோரைக் கேட்பார். அதனால் மாயாண்டிக்கு முன்னிருந்த மண்டோர்களும் இடது தோளில், இடது கையில், இடது தொடையில்தான் பிரம்பை இறக்கினார்கள். லயத்தில் அப்பன் பிள்ளையை அடிப்பதும் அப்படித்தான். புருஷன் பெண்டாட்டியை அடிப்பதும் அப்படித்தான். பஞ்சாலையின் இடது தோளில் மழை நாட்களில் இன்னும் ஒரு நோவு எழும்பும். ராமசாமி எவ்வளவு வெறியோடு கட்டையை ஓங்கினாலும், இறங்கும்போது அது தானாக இடது பக்கம் போய்விடும்.

மாயாண்டிக்கு அந்தப் பக்கம் உணர்வே இல்லை என்பது பஞ்சாலைக்கு மட்டும் தெரியும். ஒருநாள் கொதிக்கும் கஞ்சி அவன் இடது கையில் கொட்டிவிட்டது. தோல் வழன்று வந்தது. அவன் அந்தக் கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, "உப்பு பத்தலடி, தேவடியா" என்றான்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கட்டை வலது பக்கம் மாறும். சொல்லாதவரை அவர்கள் அடித்துக்கொள்ளட்டும், அவனுக்கும் வலிக்கப்போவதில்லை. இது ஒரு நல்ல ஏற்பாடு என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த ஏற்பாட்டில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதை அவள் அறிவாள். ஒவ்வொரு அடியின் சத்தத்துக்கும் அவள் தோள் நோவு கொஞ்சம் இறங்கியது. அவனுக்காகத்தான் வாய் மூடியிருக்கிறேனா, இந்தச் சத்தம் நின்றுவிடக்கூடாது என்பதற்காகவா என்று கேட்டுக்கொள்வாள். பதில் வருவதற்குள் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவாள்.

"கல்லு மாதிரி கிடக்கிறான் பாரு" என்று ராமசாமி உள்ளிருந்து மூச்சிரைத்தான். "சிரிக்கிறான் ஆத்தா, நம்மள பாத்துச் சிரிக்கிறான்."

"சிரிக்கட்டும்லா" என்றாள் செல்லம்மா. "கட்டையக் குடு இங்க."

"போதும், விடுங்க" என்றாள் பஞ்சாலை. "நாளைக்கு டாக்டர் துரை வர்றாரு. புதுசா தடம் விழுந்தா என்னைக் கேப்பாரு."

*

கவர்மெண்டு டாக்டர் துரை காலையிலேயே வந்துவிட்டார். சிவந்த கழுத்தும் வேர்வையுமாக இருந்தார். கூடவே ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி மணியம், துரை சொல்வதைத் தமிழாக்க. மணியத்தின் சட்டைக் காலரில் கஞ்சி விறைப்பாக நின்றது. டாக்டர் கட்டில் உயரத்தைக் கைத்தடியால் அளந்தார். கொசுவலையை இழுத்துப் பார்த்தார். கஞ்சிப் பானையைத் திறந்து முகர்ந்தார். செல்லம்மாவின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"வயித்துக்கு ஒழுங்கா போடுறாங்களானு கேக்குறாரு" என்றான் மணியம்.

"போடுறாங்கய்யா. அந்தக் கருவாட்டத்தான் கண்ணுல காணோம்."

"எந்தக் கண்ணுல ஆத்தா?" என்றான் ராமசாமி. செல்லம்மாகூடச் சிரித்தாள். டாக்டரும் காரணம் தெரியாமல் புன்னகைத்தார்.

பிறகு மாயாண்டியின் போர்வையை விலக்கினார். புன்னகை போய்விட்டது. இடது தோளிலிருந்து கணுக்கால்வரை கறுப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. பழைய காயத்தின்மேல் புதியது படிந்திருந்தது. அவர் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தார்.

"இது எப்படி ஆச்சுனு கேக்குறாரு."

பஞ்சாலைதான் சொன்னாள். "விழுந்துடுறாருங்க. எந்திரிக்கப் பாப்பாரு, அப்படியே சாஞ்சிடுவாரு."

டாக்டர் தன் சட்டையிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தார். அது எதற்கென்று பஞ்சாலைக்குப் புரிந்துவிட்டது. அவர் மாயாண்டியின் இடது பாதத்தில் குத்தினார். முழங்காலில் குத்தினார். உள்ளங்கையில் ஊசி பாதிவரை இறங்கியது. மாயாண்டி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வலது கையின் விரல் நுனியை ஊசியால் லேசாகத் தொட்டார். மாயாண்டி துள்ளினான். அவன் வாயிலிருந்து வந்த வசவை மணியம் மொழிபெயர்க்கவில்லை.

டாக்டர் தலையசைத்தபடி மெதுவாக விளக்கிச் சொன்னார். மணியத்துக்கு இந்த மாதிரி நேரங்கள்தான் பிடிக்கும். எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்று, கங்காணிகளிடம் உத்தரவு சொல்லும் குரலில் சொன்னான்.

"இந்தாளுக்கு இடது பக்கம் பூரா செத்துப்போச்சு. குத்துனாலும் தெரியாது, நெருப்ப வச்சாலும் தெரியாது. அப்படி ஒரு பக்கம் இருக்கிறதே அவனுக்கு நெனப்பில்ல. அதனாலதான் அந்தப் பக்கமா விழுறான். வலது பக்கம் நல்லா இருக்கு, சொரணை இருக்கு. வெளங்குதா?"

"வெளங்குதுங்கய்யா" என்றான் ராமசாமி.

டாக்டர் பஞ்சாலையிடம் கட்டிலுக்கு இடப்புறம் ஒரு தடுப்புப் பலகை அடிக்கச் சொன்னார். திருப்தியோடு வெளியே போனார். கார் கீழே ஆபீஸ் பக்கம் இறங்கியது. அங்கே துரையோடு சாப்பிட்டுவிட்டுத்தான் சிரம்பானுக்குக் கிளம்புவார்.

*

கார் சத்தம் அடங்கியது. பிறகு ராமசாமி சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாக மாறும்வரை சிரித்தான்.

"கட்டைய கட்டையால அடிச்சிருக்கோம் ஆத்தா, இத்தனை நாளா."

செல்லம்மா சிரிக்கவில்லை. பஞ்சாலை நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். "ஒனக்குத் தெரியுமாடி?"

பஞ்சாலை போர்வையை எடுத்து மாயாண்டிமேல் இழுத்து மூடினாள்.

"தெரிஞ்சிருக்கு" என்றாள் செல்லம்மா. "கூடப் படுத்தவளுக்குத் தெரியாமலா இருக்கும். என் மகளுக்காக அடிக்கிறேன்னு நெனச்சு அடிச்சேன். நீ வெளிய குந்திக்கிட்டு எங்கள வச்சு வெளாடியிருக்க."

ராமசாமி விறகுக் கட்டையை எடுத்தான். ஒரு காலால் எம்பி எம்பிக் கட்டிலைச் சுற்றி வந்தான். வலது பக்கம் நின்றபோது அவனுக்கே ஒரு தயக்கம் வந்தது போல இருந்தது. அந்தப் பக்கத்தில் அவன் இதுவரை யாரையும் அடித்ததில்லை. கட்டையை ஓங்கினான். கை ஒருமுறை காற்றில் நின்றது. பிறகு மாயாண்டியின் வலது தோளில் இறங்கியது.

அலறல் கூரைத் தகரத்தில் மோதியது.

பஞ்சாலை அந்தக் குரலை அதற்குமுன் கேட்டதேயில்லை. அவனோடு வாழ்ந்த காலம் முழுக்க அலறியது அவள்தான். இரண்டாவது அடி விலாவில் விழுந்தது. அவன் வலது கையால் முகத்தை மறைத்தான். மூன்றாவது அடி அந்தக் கையில் விழுந்து விரல்களை நசுக்கியது. எலும்பு முறியும் ஓசை தனியாகக் கேட்டது. செல்லம்மா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்க அடிச்ச, எங்க அடிச்ச" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுத் தெரிந்துகொண்டு அதே இடத்தில் தன் முஷ்டியால் குத்தினாள். மாயாண்டியின் வாயிலிருந்து எச்சிலோடு ரத்தம் வழிந்தது. அவன் உருளப் பார்த்தான். செத்த பாதி அவனைப் பாறைபோல் அழுத்திப் பிடித்திருந்தது.

பஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் ஒரு சூடு ஏறியது. வெட்கமில்லாத சூடு. இன்னும், இன்னும் என்று தனக்குள் ஒன்று சொல்வதை அவள் தெளிவாகக் கேட்டாள். அது அந்நியக் குரல் இல்லை. நாள்தோறும் அடுப்புக்கு முன் உட்கார வைத்தது அதே குரல்தான். இதற்காகவே நான் இங்கே காத்திருந்திருக்கிறேன் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியதும் அருவருப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. இது என்னுடையது, இவர்கள் ஏன் எனக்காகச் செய்கிறார்கள் என்ற கோபம்.

ராமசாமி கட்டையை இரண்டு கையாலும் தூக்கினான். இந்த முறை தலைக்கு.

அவள் குறுக்கே பாய்ந்தாள். கட்டை அவள் முன்கையில் பட்டுத் தெறித்தது. வலியில் கண் இருண்டது. ஆனாலும் கட்டையைப் பிடித்துவிட்டாள்.

"தள்ளுக்கா" என்றான் ராமசாமி. "இன்னைக்கு விட்டா விட்டதுதான். தள்ளு."

"செத்தா உன்னைத் தூக்குல போடுவான். வெள்ளக்காரன் இன்னும் கீழதான் இருக்கான்."

"போடட்டும். இந்தக் கால வச்சிக்கிட்டு நான் எங்க போகப் போறேன்?"

"அப்ப நீ செத்துத் தொலை. ஆத்தாவையும் சேத்து இழுக்காத."

அவன் பிடி தளர்ந்தது. அவள் கட்டையைப் பிடுங்கினாள். அதில் ரத்தமும் மயிரும் ஒட்டியிருந்தன. மாயாண்டி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். நாளைக்கும் இவர்கள் இங்கேதான் இருப்பார்கள். அவனும் இங்கேதான் இருப்பான். தானும் இங்கேதான். நாளைக்குத் தன் கை தடுக்குமா என்று யோசித்துப் பார்த்தாள். தடுக்கும் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

கட்டையோடு சரிவில் இறங்கினாள்.

ஆபீஸ் வராந்தாவில் துரைமார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மணியம் படியிலேயே மறித்தான். "என்ன இது? கையில என்ன?"

"அவரு விழலைங்க. நான்தான் அடிச்சேன். தெனமும் நான்தான். இப்பவும் அடிச்சிட்டு வர்றேன்."

மணியம் குரலைத் தாழ்த்தினான். "பைத்தியமா பிடிச்சிருக்கு? பேசாம போ. துரை நல்லபடியா எழுதிக்கிட்டாரு. எல்லாரையும் மாட்டி வைக்காத."

அவள் அவனைத் தாண்டிப் போய், மேசையின் வெள்ளைத் துணிமேல் கட்டையை வைத்தாள். டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். கட்டையில் ஒட்டியிருந்ததைக் குனிந்து பார்த்தார். மணியத்தை ஒரு சொல்லில் கூப்பிட்டார். அவள் சொன்னதை மணியம் மொழிபெயர்த்தான், வேறு வழியில்லாமல்.

அவர்கள் மறுபடி கொட்டகைக்கு ஏறி வந்தபோது ராமசாமி தன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். டாக்டர் மாயாண்டியின் வலது கையைத் தொட்டார். விரல்கள் தொட்ட பக்கமெல்லாம் திரும்பின. டாக்டரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர் கேட்டதை மணியம் உரக்கச் சொன்னான்.

"மாயாண்டி, ஒன்னை யாரு அடிச்சா? காட்டு."

மாயாண்டியின் கண்கள் அலைந்தன. சுவரைப் பார்த்துக் கிடந்த முதுகைக் கடந்தன. செல்லம்மாவைக் கடந்தன. பஞ்சாலையின் முகத்தில் வந்து நின்றன. அவனுக்கு உண்மை தெரியும் என்பதை அவள் அந்தக் கண்ணில் பார்த்தாள். யார் அடித்தது என்பது மட்டுமல்ல, யார் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது என்பதும்.

"தேவடியா" என்றான். "இவதான்."

மணியம் அதை மொழிபெயர்த்தான். பஞ்சாலைக்கு வியப்பாக இருந்தது. பொய் சொல்லப் போய் உண்மையைச் சொன்னது போல நெஞ்சு லேசானது.

காரின் பின் இருக்கையில் மாயாண்டியைக் கிடத்தினார்கள். இனி சிரம்பானில்தான் இருப்பான், இந்தக் கொட்டகைக்குத் திரும்பமாட்டான் என்றான் மணியம். அவளுக்கு வேலை போயிற்று. கோர்ட்டு உண்டு, ஜெயிலும் இருக்கலாம். போலீஸ் வரும்வரை ஆபீஸ் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

துணியை மூட்டை கட்ட அவள் உள்ளே போனபோது செல்லம்மா அவள் சேலையைப் பிடித்து நிறுத்தினாள். வீங்கிய முன்கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். "அவனக் காப்பாத்துனியா, எங்களயா? சொல்லிட்டுப் போடி."

பஞ்சாலை யோசித்தாள். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று உண்மையாகவே தேடிப் பார்த்தாள்.

"தெரியல ஆத்தா" என்றாள். "கஞ்சி அடிப்பிடிக்குது. யாரையாவது கூப்பிட்டு எறக்கச் சொல்லு."